சேலம்–ஏற்காடு தினசரி ஓட்டம்: பின் டயர் முடிந்தது, எதைப் போடலாம்?

மாங்கனி150 – மே 9

வணக்கம். வண்டி பல்சர் 150, 2019 மாடல். வீடு அஸ்தம்பட்டி. வேலை ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட் ஆபீஸில் கணக்கு எழுதுவது. வாரத்தில் ஆறு நாள் மேலே போய்க் கீழே வருகிறேன். போக 30, வர 30. மாதத்துக்கு 1,500 கிலோமீட்டர் ஆகிவிடுகிறது.

பின் டயர் முடிந்தது. நடுவில் கோடே இல்லை, ஓரம் மட்டும் புதுசு மாதிரி இருக்கிறது. நேற்று மாலை கோடை மழை. இறங்கும்போது இருபது வளைவில் நான்கைந்தில் பின்சக்கரம் லேசாக வாலை ஆட்டியது. வீட்டில் சொல்லவில்லை, இங்கே சொல்கிறேன்.

காலையில் கோரிமேட்டில் வெயில் மண்டையைப் பிளக்கிறது. முக்கால் மணி நேரத்தில் மேலே போனால் மூட்டம், தார் முழுக்க ஈரம். இரண்டுக்கும் ஒரே டயர் வேண்டும், நாளும் உழைக்க வேண்டும். 2,500 ரூபாய்க்குள் முடிந்தால் நல்லது. அளவு 100/90-17, டியூப்லெஸ். ஒரு கடையில் "இதைப் போடுங்க, 40,000 ஓடும்" என்கிறார்கள். வாங்கிவிடலாமா?

லீபஜார்_பஞ்சர் – மே 9

தம்பி, 40,000 ஓடும் என்றவரிடம் ஒன்று கேட்டுப் பாருங்க: மழையில் பிரேக் பிடித்தால் எத்தனை அடியில் நிற்கும்? பதில் வராது.

ரப்பர் கெட்டியாக இருந்தால் நாள் உழைக்கும், மிருதுவாக இருந்தால் ரோட்டைக் கவ்வும். கம்பெனிக்காரர்கள் இதற்கு வழி கண்டுபிடிக்காமல் இல்லை. நடுவில் கெட்டி ரப்பரும் இரண்டு ஓரத்தில் மிருதுவான ரப்பரும் வைத்த டூயல் காம்பவுண்டு டயர் வருகிறது. கார்பன் பிளாக் என்கிற கரிப்பொடியோடு சிலிக்கா சேர்த்த ரப்பரும் வருகிறது, அது ஈரத்தில் நன்றாகப் பிடிக்கும். ஆனாலும் முழு உழைப்பு, முழுப் பிடிப்பு இரண்டையும் ஒரே டயரில் எதிர்பார்க்காதீங்க. ஒன்றைக் கொஞ்சம் விட்டுத்தான் இன்னொன்று.

அது இருக்கட்டும். நடு மட்டும் தேய்ந்து ஓரம் அப்படியே இருக்கிறது என்கிறீங்களே, காத்து எவ்வளவு வைக்கிறீங்க?

மாங்கனி150 – மே 9

பின்னால் 38 அண்ணே. கெட்டியாக இருந்தால் மைலேஜ் கிடைக்கும் என்று பங்கில் ஒருத்தர் சொன்னதிலிருந்து அப்படித்தான்.

லீபஜார்_பஞ்சர் – மே 9

பாதி டயரை அந்த 38-லேயே தின்றிருக்கீங்க. உங்கள் வண்டிக்கு முன்னால் 25, பின்னால் ஒருத்தர் என்றால் 28, இரண்டு பேர் என்றால் 32. காத்து அதிகமானால் டயர் நடுவில் உப்பி நிற்கும். ரோட்டைத் தொடுகிற இடம் ஏற்கெனவே உள்ளங்கை அகலம்தான், அது இன்னும் சுருங்கிவிடும். எந்த டயர் என்பதை அப்புறம் பேசலாம். இந்தப் பழக்கத்தை மாற்றாமல் வைரத்தில் செய்த டயரைப் போட்டாலும் நடுவில் மொட்டையாகும்.

தட்டுவடை_செட் – மே 9

100 எதற்கு? 120 போடுங்க. பின்னாலிருந்து பார்த்தால் வண்டி கெத்தாக இருக்கும். என் நண்பன் 130 போட்டிருக்கான்.

லீபஜார்_பஞ்சர் – மே 9

உங்கள் நண்பன் மாதிரி மூன்று பேருக்கு நானே கழற்றி பழைய அளவு போட்டிருக்கிறேன். ரிம் அகலம் அப்படியே இருக்க, டயரை மட்டும் அகலமாக்கினால் இரண்டு பக்கமும் உள்ளே இழுபட்டு உச்சி கூம்பிக்கொள்ளும். அகல டயர் என்று காசு கொடுத்துவிட்டு, ரோட்டில் ஒல்லி டயராக ஓட்ட வேண்டியதுதான். வளைவில் திருப்பினால் வண்டி முதலில் தயங்கும், பிறகு சட்டென்று விழும். செயின் உரசும். மட்கார்டில் சேறு அடைக்கும். மலை ஏறுகிறவருக்கு இந்த யோசனை வேண்டாம்.

தொப்பூர்_காற்று – மே 10

எல்லோரும் மிருதுவான ரப்பருக்கே கொடி பிடிக்கிறீர்கள். நான் தினமும் தர்மபுரி போய் வருகிறவன், முழுக்க நான்கு வழிச்சாலை. கெட்டி ரப்பர்தான் போடுகிறேன். போன பின் டயர் 31,000 ஓடியது. தொப்பூர் இறக்கத்தில் மழையிலும் வந்திருக்கிறேன், ஒன்றும் ஆகவில்லை. ஓட்டுகிறவர் கையில்தான் இருக்கிறது. வருடத்துக்கு ஒரு டயர் வாங்க எல்லோராலும் முடியுமா?

கட்டை கட்டையாக ரப்பர் இருக்கிற பட்டன் டயரையும் யோசிக்கலாம். மண், சேறு, தார் எல்லாவற்றுக்கும் ஆகும். ஆல் வெதர் என்றால் அதுதானே.

சாரல்மழை – மே 10

ஏற்காட்டில் இருக்கிறேன். கீழே சேலத்துக்கு வாரம் இரண்டு முறை இறங்குவேன், சில சமயம் குப்பனூர் வழியாக. பட்டன் டயர் கதையை முதலில் முடித்துவிடுகிறேன். எஸ்டேட் உள்ளே மண் தடத்தில் அதை அடிக்க ஆளில்லை. ஈரத் தாரில் நிலைமை வேறு. கட்டைகளுக்கு நடுவில் இவ்வளவு இடைவெளி விட்டால் ரோட்டைத் தொடுகிற ரப்பர் குறைந்துவிடும், பிரேக் பிடித்தால் ஒவ்வொரு கட்டையும் தனித்தனியாக நெளியும். மாங்கனி தம்பி ஓட்டுவது முழுக்கத் தார்.

டயரில் கோடு ஆழமாக இருந்தால் மழைக்கு நல்லது என்று எல்லோரும் சொல்வதும் இங்கே பாதிதான் உண்மை. கோடு தண்ணீரை ஒதுக்குவதற்கு. டயர் தண்ணீர் மேல் மிதந்து போவது வேகமாகப் போகும்போது வருகிற ஆபத்து. தொப்பூர் நண்பர் 80-ல் போகிறார், அவருக்கு அது முக்கியம். கொண்டை ஊசி வளைவில் நாம் 20-ல் திரும்புகிறோம். அந்த வேகத்தில் மிதக்க வழியில்லை. அங்கே வழுக்குகிறது என்றால் ரப்பருக்கும் ஈரத் தாருக்கும் ஒட்டவில்லை என்று அர்த்தம். அதனால் கோட்டின் வடிவத்தைப் பார்த்து மயங்க வேண்டாம், ரப்பரைப் பாருங்கள்.

இப்போது என் கதை. இரண்டு வருடம் முன்னால், ஐப்பசி மழை. பின் டயர் புதுசாகப் போட்டு ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. முன் டயரில் கோடு நன்றாகத் தெரிந்ததால் அதை மாற்றவில்லை. இறங்குகிறேன், ஒரு வளைவுக்கு முன்னால் சில்வர் ஓக் இலைகள் ஈரத்தில் ரோட்டோடு ஒட்டிக் கிடக்கின்றன. எதிரே பஸ் ஹார்ன் கேட்டது. முன் பிரேக்கை லேசாகத்தான் தொட்டேன். ஹேண்டில் என் கையில் இல்லாத மாதிரி ஆகிவிட்டது. அடுத்த நொடி வண்டி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். முழங்கையில் ஆறு தையல். பஸ் டிரைவர் பத்தடி முன்னால் நிறுத்திவிட்டார், அது என் நேரம்.

மறுநாள் மெக்கானிக் முன் டயரில் நகத்தை அழுத்திக் காட்டினார். நகம் இறங்கவே இல்லை. பிளாஸ்டிக் மாதிரி இறுகியிருந்தது. அது ஆறு வருட டயர். பின் டயரில் புத்தி போனது, முன் டயரை மறந்துவிட்டேன். இறக்கத்தில் பிரேக் பிடித்தால் பாரம் முழுக்க முன்னால் வந்து விழும். நிறுத்துகிற வேலையில் பெரும்பங்கு முன் சக்கரத்துக்குத்தான்.

இதோடு முடியவில்லை. புதுசு என்று நான் வாங்கிய பின் டயரையும் மெக்கானிக் பார்த்தார். தயாரித்து மூன்றரை வருடம் ஆகியிருந்தது. விற்ற கடையில் கேட்டேன், "டயர் என்ன பாலா, திரிந்து போக?" என்றார்கள். மேற்கொண்டு நான் பேசவில்லை.

மாங்கனி150 – மே 10

தயாரித்த தேதியை எங்கே பார்ப்பது?

சாரல்மழை – மே 10

டயரின் பக்கச்சுவரில் டிஓடி என்று தொடங்குகிற எழுத்து வரிசை இருக்கும். அதன் கடைசியில் நான்கு எண். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 1822 என்றால் 2022-ன் 18-வது வாரம். இரண்டு பக்கமும் பாருங்கள், சில டயரில் ஒரு பக்கம்தான் முழுதாக இருக்கும்.

அதே பக்கச்சுவரில் 100/90-17 55பி என்று இருக்கும். அந்த 55-ஐப் பாரத்துக்கான குறியீடாக எடுத்துக்கொள்ளுங்கள், 218 கிலோ வரை தாங்கும். பி வேகத்துக்கு, மணிக்கு 150 கிலோமீட்டர். கம்பெனி கொடுத்ததைவிடக் குறைந்த எண் போடாமல் இருந்தால் போதும். தேய்மானம் பார்க்க டிடபிள்யூஐ என்றோ ஒரு முக்கோணமோ ஓரத்தில் இருக்கும். அதற்கு நேராகக் கோட்டுக்குள் சின்ன மேடு தெரியும். ரப்பர் அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் டயர் முடிந்தது.

வெள்ளிக்கொலுசு – மே 11

எனக்கு ஒரு சந்தேகம். நான் ஸ்கூட்டரில் மாதம் ஒருமுறை அம்மா வீட்டுக்கு ஏற்காடு போகிறேன். அடிவாரத்தில் ஒருத்தர், "மேலே போனால் காத்து விரியும், டயர் வெடிக்கும், இரண்டு பாயிண்ட் இறக்கிக்கொள்ளுங்க" என்றார். நானும் ஒவ்வொரு முறையும் இறக்கிவிட்டு, திரும்பி வந்து பிடித்துக்கொண்டிருக்கிறேன். உண்மையா, இல்லை இத்தனை வருடம் ஏமாந்தேனா?

பிளஸ்டூ_வாத்தி – மே 11

அக்கா, அவர் சொன்னதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. இறக்கச் சொன்னதுதான் தப்பு.

சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1,500. உயரம் கூடினால் வெளிக்காற்றின் அழுத்தம் குறையும். காத்து அளக்கிற கேஜ் காட்டுவது உள்ளே இருப்பதற்கும் வெளியே இருப்பதற்கும் உள்ள வித்தியாசம். அதனால் மேலே போனால் கேஜ் சுமார் 2 பிஎஸ்ஐ, அதாவது இரண்டு பாயிண்ட், கூடுதலாகக் காட்ட வேண்டும். ஆனால் மேலே குளிரும். 10 டிகிரி குறைந்தால் டயருக்குள் ஒன்றரை பிஎஸ்ஐ போல இறங்கும். ஒன்றை ஒன்று கிட்டத்தட்ட அடித்துவிடும். மிஞ்சுவது அரை பாயிண்டு. இதற்காக எந்த டயரும் வெடிக்காது.

இரண்டு பாயிண்ட் இறக்கிவிட்டு இறங்கி வந்தால்தான் சிக்கல். கீழே வரும்போது குறைந்த காத்தில் வளைவு எடுக்கிறீர்கள். வகுப்பில் இதைக் கணக்காகக் கொடுத்தால் ஒருத்தனும் போடமாட்டான். வண்டியில் நடக்கிறது என்றால் எல்லோரும் வாயைப் பிளந்து கேட்பார்கள்.

மாங்கனி150 – மே 12

வாத்தியார் சொன்னதைச் சோதித்தே விட்டேன். ஆபீஸில் டிராக்டருக்கு வாங்கிய கேஜ் கிடக்கிறது, அதைப் பையில் போட்டுக்கொண்டேன். காலையில் கிளம்பும்போது வீட்டு வாசலில் பின்னால் 28. மேலே ஆபீஸ் போய் வண்டியை நிழலில் விட்டு, இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தேன். 28-க்கும் 29-க்கும் நடுவில் முள் நின்றது. வாட்ச்மேன் ஐயா என்னைப் பார்த்துச் சிரித்தார்.

தொப்பூர்_காற்று – மே 12

சரி, பட்டன் டயரை விடுங்கள். ஆனால் டூயல் காம்பவுண்டு சமாசாரத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது, யாரும் சொல்லவில்லை. மழையில் யார் வண்டியைச் சாய்க்கிறார்கள்? பயந்துகொண்டு நேராக வைத்துத்தான் திருப்புகிறோம். அப்போது ரோட்டைத் தொடுவது நடு ரப்பர், அதாவது கெட்டி ரப்பர். ஓரத்து மிருது காய்ந்த ரோட்டில் சாய்க்கிறவனுக்குத்தான் உதவும்.

லீபஜார்_பஞ்சர் – மே 12

இது சரியான பேச்சு. அன்றைக்கு நான் அதை விட்டுவிட்டேன். நடுவில் ரொம்பக் கெட்டியான டயராகப் பார்த்து வாங்கினால் மழையில் ஒரு லாபமும் இல்லை. மாங்கனி தம்பி ஓரத்தைத் தொட்டதே இல்லை என்று அவர் டயரே சொல்கிறது. அவருக்கு மழைக்கென்று செய்த ஒரே ரப்பர் டயர் போதும். ஓரத்து ரப்பருக்குத் தனியாகக் காசு கொடுக்க வேண்டாம்.

இப்போது பிராண்டு. எம்ஆர்எஃப், சியட், அப்பல்லோ, மதுரைக்காரர்களின் டிவிஎஸ் யூரோகிரிப், மிஷலின் என்று இந்த அளவில் நிறைய இருக்கிறது. ஒரே கம்பெனியில் நாள் உழைக்கிற ரகமும் இருக்கும், பிடிப்புக்கான ரகமும் இருக்கும். பேரைச் சொல்லிக் கேட்டால் எது கையில் இருக்கிறதோ அதை எடுத்துக் கொடுப்பார்கள். "மழைக்கு ஏற்ற ரகம், இந்த வருடம் தயாரித்தது" என்று கேளுங்க. எது வாங்கினாலும் முன், பின் இரண்டையும் ஒரே கம்பெனியில் ஜோடியாக எடுத்தால் நல்லது. உங்கள் முன் டயர் வயசு என்ன?

மாங்கனி150 – மே 12

இப்போதுதான் போய்ப் பார்த்தேன். 0919.

லீபஜார்_பஞ்சர் – மே 12

வண்டியோடு வந்த டயர். சாரல் அண்ணன் கதையை இன்னொரு தடவை படிங்க.

தட்டுவடை_செட் – மே 12

ஏபிஎஸ் இருக்கிறதே, எதற்குப் பயம்?

சாரல்மழை – மே 13

ஏபிஎஸ் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும், இல்லாத பிடிப்பை உண்டாக்காது. அதோடு 2019 பல்சர் 150-ல் ஏபிஎஸ் முன் சக்கரத்துக்கு மட்டும். பின் சக்கரம் காலை அழுத்தினால் பூட்டத்தான் செய்யும். தம்பி சொன்ன வாலாட்டம் அதுதான். இறங்கும்போது இரண்டாம் கியரில் இன்ஜினையே பிரேக்காகப் பிடித்துக்கொண்டு வந்தால் காலுக்கு வேலை குறையும். எந்த கியரில் இறங்குகிறீர்கள்?

மாங்கனி150 – மே 13

நாலாவது. பெட்ரோல் மிச்சமாகும் என்று.

சாரல்மழை – மே 13

ஒன்றும் மிச்சமாகாது. ஆக்சிலேட்டரை விட்டுவிட்டு இறங்கினால் உங்கள் இன்ஜின் எந்த கியரிலும் பெரிதாகக் குடிக்காது. தேய்வது பிரேக் ஷூவும் டயரும்தான்.

மாங்கனி150 – மே 19

நேற்று ஞாயிறு, இரண்டு டயரும் மாற்றிவிட்டேன். கடை லீபஜார் அண்ணனுடையது, முகத்தையும் பார்த்தாயிற்று. பட்ஜெட் எகிறியது, இரண்டும் சேர்த்து 4,600. பிடிப்பு ரகம்தான் எடுத்தேன். கெட்டி ரகத்தைப் பக்கத்தில் வைத்து இரண்டிலும் நகத்தை அழுத்தச் சொன்னார். ஒன்றில் தடம் விழுந்து மெதுவாக மறைந்தது, இன்னொன்றில் ஒன்றுமே இல்லை. அதற்கு மேல் எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

மாட்டுவதை முழுசாகப் பார்த்தேன். அம்புக்குறி சக்கரம் சுற்றுகிற பக்கம் பார்க்கிறதா என்று முதலில் சரிபார்த்தார். ரிம் விளிம்பில் துரு மாதிரி ஒட்டியிருந்ததைக் கம்பி பிரஷால் சுரண்டினார். சோப்புத் தண்ணீர் தடவிக் காத்து அடித்தபோது 'டப்'பென்று ஒரு சத்தம், சில நொடி கழித்து இன்னொன்று. நான் துள்ளிவிட்டேன். "இரண்டு பக்கமும் உட்கார்ந்துவிட்டது" என்றார். டியூப்லெஸ் வால்வையும் மாற்றினார், அறுபது ரூபாய். பழைய வால்வை வளைத்துக் காட்டினார், அடியில் வெடிப்பு.

முதல் 150 கிலோமீட்டர் மெதுவாகப் போகச் சொல்லியிருக்கிறார். புது ரப்பரின் மேல்பூச்சு போகும் வரை வழுக்குமாம். டயர் பாலிஷ் போடுகிற பையன் வந்தான், அண்ணன் அவனை விரட்டிவிட்டார்.

லீபஜார்_பஞ்சர் – மே 19

பாலிஷ் பக்கச்சுவரோடு நின்றால் பரவாயில்லை. அவன் ரோட்டைத் தொடுகிற இடத்திலும் தேய்ப்பான். ஒரு வளைவு போதும். பக்கச்சுவர் நாளாக ஆகப் பழுப்பாகும், அழுக்கு என்று நினைத்துத் தேய்க்காதீங்க. ரப்பரில் வெடிப்பு விழாமல் இருக்க உள்ளே சேர்த்த மருந்துதான் வெளியே வருகிறது.

தொப்பூர்_காற்று – மே 20

4,600-க்கு எத்தனை கிலோமீட்டர் வருகிறது என்று கணக்கெழுதிச் சொல்லுங்கள். நான் பந்தயம் கட்டுகிறேன், பின் டயர் 18,000 தாண்டாது.

மாங்கனி150 – நவம்பர் 14

ஆறு மாதம் ஆகிவிட்டது, சொல்லாமல் விட்டால் தப்பு. 8,700 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. பின்னால் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகத் தேய்ந்திருக்கிறது. தொப்பூர் அண்ணன் பந்தயத்தில் ஜெயித்தாலும் ஜெயிப்பார். ஆனால் இந்த முறை நடுவும் ஓரமும் ஒரே மாதிரி தேய்கிறது. வாரம் ஒருமுறை திங்கள் காலை காத்து பார்க்கிறேன், 28.

போன வாரம் மூன்று நாள் விடாத மழை. மேலே பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை, முகப்பு விளக்குக்கு முன்னால் வெள்ளைத் துணி கட்டிய மாதிரி. இரண்டாம் கியரில் இறங்கினேன். ஒரு வளைவில் மேலிருந்து மண் கரைந்து ரோட்டின் குறுக்கே ஓடியிருந்தது, அதன் மேல் ஏறியபோது மட்டும் ஒரு நெளிவு. தாருக்கு வந்ததும் பிடித்துக்கொண்டது. வெள்ளைக் கோட்டின் மேல் பிரேக் பிடிப்பதை விட்டுவிட்டேன், அந்தப் பெயிண்டில் எந்த டயரும் வழுக்குகிறது.

பஞ்சர் இதுவரை ஒன்று. கன்னங்குறிச்சி பக்கம் ஆணி. திரி வைத்து அடைத்தார்கள், நிற்கிறது.

தொப்பூர்_காற்று – நவம்பர் 14

பாதிக்குக் குறைவு என்றால் 18,000 வந்தே தீரும், பந்தயம் எனக்குத் தோல்விதான் போலிருக்கிறது. தட்டுவடை செட் நான் வாங்கித் தருகிறேன், அந்த 120 தம்பிக்கும் சேர்த்து.

தட்டுவடை_செட் – நவம்பர் 14

இரண்டு பிளேட். நண்பன் 130-ஐக் கழற்றிவிட்டான், அவனுக்கும் ஒன்று.

வெள்ளிக்கொலுசு – நவம்பர் 15

லீபஜார் அண்ணா, என் ஸ்கூட்டருக்கு 90/100-10. பின் டயரில் அந்த மேடு தெரிய ஆரம்பித்துவிட்டது. முன் டயர் எண் 4120. இரண்டையும் மாற்றவா?

லீபஜார்_பஞ்சர் – நவம்பர் 15

இரண்டும்தாம்மா. புதன்கிழமை சரக்கு வருகிறது, வியாழன் காலையில் வாங்க. தேதி எண்ணை நீங்களே பார்த்து எடுத்துக்கலாம். அதுவரை மலைப்பக்கம் போக வேண்டாம்.